மங்கிய வெளிச்சத்தில் தெளிவான படம்: ஷட்டர், அபெர்ச்சர், ஐ.எஸ்.ஓ. மூன்றில் எதை விட்டுக்கொடுப்பது?

வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் எடுக்கும்போது ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஷட்டரை, அதாவது ஒளி உள்ளே வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் கதவை, மெதுவாக்கினால் படம் ஷேக் ஆகும். லென்ஸின் திறப்பான அபெர்ச்சரை முழுக்கத் திறந்தால் ஃபோகஸில் இருக்கும் பகுதி சுருங்கிவிடும். உள்ளே வந்த ஒளியின் சமிக்ஞையைப் பெருக்கும் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் நாய்ஸ், அதாவது மணலைத் தூவியது போன்ற புள்ளிகள், வந்துவிடும். எதை முதலில் இழக்கலாம்? என்னைக் கேட்டால், முதலில் நாய்ஸை ஏற்றுக்கொள்ளுங்கள், அடுத்து ஃபோகஸ் ஆழத்தைக் குறையுங்கள், ஷட்டர் வேகத்தில் கடைசியாகக் கை வையுங்கள். புள்ளி விழுந்த படத்தைப் பிறகு சுத்தம் செய்துகொள்ளலாம். செய்யாமல் விட்டாலும் பார்க்கிறவர்களின் கண் முகத்துக்குத்தான் போகும். ஷேக் ஆன முகத்தை மீட்டுக் கொண்டுவருவது அநேகமாக நடக்காத காரியம்.

பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 800-ஐத் தாண்டக் கூடாது என்று யாரோ எப்போதோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, 1/15 நொடியில் கையில் பிடித்து எடுக்கிறார்கள். கேமராவின் சிறிய திரையில் படம் பளிச்சென்று தெரியும். கணினியில் திறக்கும்போதுதான் கண் இமை ஒன்றுகூடத் தெளிவாக இல்லை என்பது தெரியவரும்.

எந்த வகை மங்கல் என்று முதலில் பாருங்கள்

அமைப்புகளை மாற்றுவதற்கு முன்னால், கெட்டுப்போன படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கல் எல்லாம் ஒன்றல்ல. படத்தில் இருக்கிற எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால், விளக்குப் புள்ளிகள் எல்லாம் ஒரே மாதிரி சின்னக் கோடாக நெளிந்திருந்தால், ஆடியது உங்கள் கை. சுவரும் நாற்காலியும் தெளிவாக இருந்து, பேசுகிறவரின் கையும் உதடும் மட்டும் கலைந்திருந்தால் ஆடியது அவர். கண் மங்கி, காதோ சட்டைக் காலரோ ஊசிமுனை போலத் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. எதுவுமே இழுபடவில்லை, ஆனால் தலைமுடி தனித்தனியாகத் தெரியாமல் வண்ணம் பூசினாற்போல அப்பிக் கிடந்தால், அது கேமராவே நாய்ஸைக் குறைக்கப் போய் நுணுக்கத்தையும் சேர்த்து அழித்துவிட்ட வேலை.

நான்குக்கும் மருந்து வேறு வேறு. கை ஆட்டத்துக்கு லென்ஸிலோ கேமராவுக்குள்ளோ இருக்கும் ஸ்டெபிலைசேஷன் போதும். எதிரில் இருப்பவர் அசைந்தால் அது ஒன்றும் செய்யாது, வேகமான ஷட்டர்தான் வேண்டும். ஃபோகஸ் தவறுவதற்கு ஷட்டர் வேகம் உதவாது. ஜேபெக்கில் முடி அப்பிப் போவதற்கு, ரா கோப்பாக, அதாவது கேமரா கைவைக்காத மூலத் தகவலாக, எடுப்பது அல்லது மெனுவில் நாய்ஸ் குறைப்பின் அளவைக் கீழே இறக்குவதுதான் வழி. இதைப் பிரித்துப் பார்க்காமல் புது லென்ஸ் வாங்கினால் காசு போகும், பிரச்சினை போகாது.

ஒரே அறை, ஒரே ஆள், நான்கு வழிகள்

ஒப்பிடுவதற்கு ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். இரவு நேரம், அறையில் ஒரு விளக்கு. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். உங்களிடம் ஏ.பி.எஸ்.-சி கேமராவும் (முழு அளவு சென்சாரைவிடச் சிறிய சென்சார் உள்ளது), அதோடு வரும் 18-55 கிட் லென்ஸும் இருக்கின்றன. 55 மி.மீ.க்கு ஜூம் செய்து, எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 800 என்று வைத்தால் கேமரா 1/15 நொடி கேட்கிறது. எஃப் எண் அபெர்ச்சரைக் குறிக்கிறது, எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும். வீட்டு வெளிச்சத்தில் வழக்கமாக வரக்கூடிய கணக்குதான் இது.

பேசுகிறவர் ஒருவர் ஓரளவு அசையாமல் பதிய 1/125 நொடி வேண்டும். 1/15-இலிருந்து 1/30, 1/60, 1/125 என்று போனால் மூன்று ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகிறது, ஆக எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். இந்த மூன்று ஸ்டாப்பை எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான் தீர்மானம்.

முதல் வழி, கொண்டுவராமலே இருப்பது. 1/15-இலேயே ஸ்டெபிலைசேஷனை நம்பி எடுப்பது. கையில் பிடிக்கத் தேவையான வேகத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 1-ஐ லென்ஸின் குவிய தூரத்தால் வகுக்க வேண்டும். ஏ.பி.எஸ்.-சி சென்சாருக்கு அந்தத் தூரத்தை முதலில் 1.5-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும், கேனானுக்கு 1.6. அப்படிப் பார்த்தால் 55 மி.மீ.க்கு ஏறக்குறைய 1/80 நொடி. ஸ்டெபிலைசேஷன் இருந்தால் 1/15 கையில் நிற்கும், நல்ல கேமராவில் அதற்கும் கீழே போகலாம். தூங்குகிற குழந்தை, அலமாரி, ஓவியம் என்றால் இந்த வழியே சிறந்தது. பேசுகிற ஆளுக்கு இது சூதாட்டம். அறை தெளிவாக வரும், ஆள் கலைந்து போவார். கேமரா விளம்பரத்தில் சொல்லும் ஐந்து ஸ்டாப், எட்டு ஸ்டாப் எல்லாம் கேமராவின் அசைவைப் பற்றிய கணக்குதான். எதிரில் இருப்பவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது வழி, அபெர்ச்சர். எஃப் 5.6, 4, 2.8, 2 என்று வந்தால் சரியாக மூன்று ஸ்டாப். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இருந்தால் எஃப் 2-இல், 1/125 நொடியில், ஐ.எஸ்.ஓ.வை 800-இலேயே விட்டுவிடலாம். கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் இதற்கும் விலை உண்டு. ஏ.பி.எஸ்.-சி கேமராவில், 50 மி.மீ. லென்ஸில், ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தமே ஆறேழு சென்டிமீட்டர். எஃப் 2.8-இல் அது பத்து சென்டிமீட்டர் ஆகும். முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால் போதும், ஒரு கண் ஃபோகஸில் இருக்கும், இன்னொன்று இருக்காது. ஃபோகஸ் பிடித்தபின் அவர் முன்னால் சாய்ந்தாலோ, படம் எடுப்பவர் மூச்சு வாங்கியதில் இம்மி பின்னால் போனாலோ கதை முடிந்தது. இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் எஃப் 2 பெரும்பாலும் ஒருவரை மட்டுமே காப்பாற்றும்.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான லென்ஸ்கள், முக்கியமாக விலை குறைந்தவை, முழுக்கத் திறந்திருக்கும்போது கொஞ்சம் மிருதுவாகத்தான் வரையும். ஒரு ஸ்டாப் மூடினாலே வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அதனால் எஃப் 1.8 லென்ஸை நான் எஃப் 2.2 அல்லது 2.8-இல் பயன்படுத்தவே விரும்புகிறேன். 1.8 என்பது கையில் இருக்கும் கடைசிச் சேமிப்பு.

மூன்றாவது வழி, கிட் லென்ஸோடே இருந்துகொண்டு ஐ.எஸ்.ஓ.வை 800, 1600, 3200, 6400 என்று ஏற்றுவது. எஃப் 5.6 என்பதால் முகம் முழுக்க ஃபோகஸில் இருக்கும், 1/125 என்பதால் அசைவும் இல்லை. நாய்ஸ் இருக்கும், அதிலும் நிழல் பகுதிகளில் நன்றாகவே தெரியும். ஆனால் கண் இமை இருக்கும், தோலின் வரி இருக்கும், பார்வை எங்கே போகிறது என்பது இருக்கும். முதல் வழியைவிட எந்த நாளிலும் இது மேல். எடுப்பதற்கு இது ஒன்றுதான் வழி என்றால் கொஞ்சமும் தயங்க வேண்டாம்.

நான்காவது, இரண்டையும் கலப்பது: எஃப் 2.8, 1/125 நொடி, ஐ.எஸ்.ஓ. 1600. அபெர்ச்சரில் இரண்டு ஸ்டாப், ஐ.எஸ்.ஓ.வில் ஒன்று. இப்படி அதிகம் திறக்கும் லென்ஸ் கையில் இருந்தால் ஆள் படத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஃபோகஸ் கொஞ்சம் நகர்ந்தாலும் தாங்கும், 1600 என்பது கடந்த பத்தாண்டில் வந்த எந்தக் கேமராவுக்கும் சிரமமான எண் அல்ல.

ஐ.எஸ்.ஓ. மேல் இருக்கும் பயம்

நாய்ஸை ஐ.எஸ்.ஓ. உண்டாக்குகிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் அதன் பெரும்பகுதி வெளிச்சப் பற்றாக்குறையால் வருவது. ஒளி துகள் துகளாக வந்து விழுகிறது, குறைவாக விழும்போது பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையே ஏற்றத்தாழ்வு கூடித் தெரிகிறது. ஐ.எஸ்.ஓ. உள்ளே வந்த சமிக்ஞையைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஷட்டரையும் அபெர்ச்சரையும் நிர்ணயித்த பிறகு உள்ளே வரும் வெளிச்சம் இவ்வளவு என்று முடிவாகிவிடுகிறது. அதற்கு மேல் ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து வைப்பதால் கிடைப்பது இருட்டான படம் மட்டுமே.

"இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் ஏற்றிக்கொள்ளலாமே" என்று ஒரு யோசனை வரும். ரா கோப்பில் சில சென்சார்கள் இதைத் தாங்கும். ஐ.எஸ்.ஓ. 800-இல் இருட்டாக எடுத்து மூன்று ஸ்டாப் ஏற்றினாலும், 6400-இலேயே எடுத்தாலும் அவற்றில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். வேறு பல கேமராக்களில், குறிப்பாகப் பழையவற்றில், ஏற்றும்போது நிழலில் கோடு கோடாகவும் நிறத் திட்டுகளாகவும் வரும். ஜேபெக்கில் இதை முயற்சி செய்யவே வேண்டாம். அதில் ஒரு நிறத்துக்கு 8 பிட் தகவல்தான் இருக்கிறது, ரா கோப்பில் 12 அல்லது 14 பிட். படத்துக்குள்ளேயே பிரகாசமான விளக்கு இருந்து, அது வெளுத்துப் போகாமல் காப்பாற்ற வேண்டும் என்றால் மட்டும் ஒரு ஸ்டாப் குறைத்து எடுப்பதில் நியாயம் இருக்கிறது.

நாய்ஸ் நீக்கும் மென்பொருள்கள் இப்போது வெகுதூரம் வந்துவிட்டன. லைட்ரூமிலேயே செயற்கை நுண்ணறிவு கொண்டு நாய்ஸ் நீக்கும் வசதி 2023-இல் வந்தது. ஐ.எஸ்.ஓ. 6400-இல் எடுத்த ரா கோப்பை அதில் போட்டால், தனித்தனி முடியைக் காப்பாற்றிப் புள்ளிகளை மட்டும் துடைத்துக் கொடுக்கிறது. மங்கலைச் சரிசெய்வதாகச் சொல்லும் கருவிகளும் உண்டு, ஆனால் இல்லாத கண்ணை அவை ஊகித்து வரைகின்றன. தெரிந்தவர் முகம் என்றால் அந்த ஊகம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, ஐ.எஸ்.ஓ. எவ்வளவு வரை போகலாம்? உங்கள் கேமராவில் ஒரே காட்சியை 1600, 3200, 6400, 12800 என்று எடுத்து, நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் அளவில் வைத்துப் பாருங்கள். பிக்சல் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாமே மோசமாகத்தான் தெரியும், அப்படி யாரும் படம் பார்ப்பதில்லை. உங்களுக்குப் பிடிக்காத எண் வந்ததும், அதற்கு முந்தையதை ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வின் மேல் எல்லையாக வைத்துவிடுங்கள். முழு அளவு சென்சாருக்கும் ஏ.பி.எஸ்.-சிக்கும் பரப்பில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம், அதனால் முன்னது ஒரு ஸ்டாப்பும் சொச்சமும் கூடுதலாகத் தாங்கும்.

வெளிச்சத்தையே கூட்டுவது

கேமராவுக்குள் மூன்று ஸ்டாப் தேடுவதற்கு முன்னால் அறைக்குள் தேடலாம். சின்ன விளக்கிலிருந்து ஒருவர் இருக்கும் தூரத்தைப் பாதியாக்கினால் அவர்மேல் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். இரண்டு மீட்டர் தள்ளி இருந்தவரை ஒரு மீட்டருக்கு வரச் சொன்னால் இரண்டு ஸ்டாப் இலவசம். ஐ.எஸ்.ஓ. 6400 கேட்ட காட்சி 1600-இல் முடிந்துவிடும். அந்த அளவுக்குக் கேமராவை மாற்றி லாபம் பார்க்க வேண்டுமென்றால் நிறையச் செலவு செய்ய வேண்டியிருக்கும். நாற்காலியை நகர்த்தச் செலவில்லை.

கிட் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 55 மி.மீ.இல் எஃப் 5.6 ஆகிவிடும் லென்ஸ், 18 மி.மீ.இல் எஃப் 3.5 வரை திறக்கும். ஜூம் செய்யாமல் இரண்டு அடி முன்னால் போனால் ஒன்றேகால் ஸ்டாப்புக்கு மேல் கிடைக்கிறது, கை ஆட்டமும் குறைவாகத் தெரியும். முகத்துக்கு மிக நெருங்கினால் மூக்கு பெரிதாகிவிடும் என்பதால், இடுப்பு வரை தெரிகிற படங்களுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷ் அனுமதிக்கப்படும் இடமானால், அதை நேராக முகத்தில் அடிக்காமல் வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்புவது மேலே சொன்ன எல்லா வழியையும் தோற்கடிக்கும். ஃபிளாஷின் ஒளி பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் முடிந்துவிடுவதால் அசைவு உறைந்துவிடும். ஆனால் அந்த இடத்துக்கென்று இருந்த வெளிச்சத்தின் குணம் போய்விடும். மஞ்சள் விளக்கின் சாயலுக்காகத்தான் அந்தப் படமே என்றால் ஃபிளாஷை எடுக்காதீர்கள்.

மேடை, விளையாட்டு, ஓடுகிற குழந்தை

இங்கே 1/125 போதாது. நடக்கிறவருக்கு 1/250, ஆடுகிறவருக்கும் ஓடுகிற குழந்தைக்கும் 1/500 என்று தொடங்குங்கள். மேனுவல் முறையில் ஷட்டரையும் அபெர்ச்சரையும் பூட்டிவிட்டு, ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஆட்டோவில் விடுவதுதான் எனக்குத் தெரிந்து மிகவும் நிம்மதியான அமைப்பு. நீங்கள் அபெர்ச்சரை மட்டும் தேர்ந்தெடுக்கும் அபெர்ச்சர் பிரையாரிட்டி முறையில் கேமரா தன் போக்கில் 1/30-க்கு இறங்கிவிடும். அந்த முறைதான் பழக்கம் என்றால், ஆட்டோ ஐ.எஸ்.ஓ. மெனுவில் இருக்கும் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை மறக்காமல் அமைத்துவிடுங்கள்.

மேடையில் ஆள்மேல் மட்டும் வெளிச்சம் விழுந்து பின்னணி கறுப்பாக இருக்கும். கேமரா அந்தக் கறுப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முகத்தை வெளுக்க வைத்துவிடும். கேமராவின் வெளிச்சக் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸ் 1-க்குக் கொண்டுவாருங்கள். முகமும் சரியாக வரும், ஒரு ஸ்டாப் ஐ.எஸ்.ஓ.வும் மிச்சமாகும். அப்புறம், நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு அமைப்புதான். குதித்தவர் உச்சியில் ஒரு கணம் நிற்பார், கை வீச்சு திசை மாறும் இடத்தில் நிற்கும். அங்கே 1/250-கூடப் போதும்.

விளக்குகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் பல எல்.ஈ.டி., குழல் விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன, 60 ஹெர்ட்ஸில் 120 முறை. ஷட்டர் இதைவிட வேகமானால் படத்தில் பட்டை பட்டையாக வரலாம், நிறமும் படத்துக்குப் படம் மாறலாம். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இது இன்னும் மோசமாகும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, கேமராவில் ஆன்டி ஃபிளிக்கர் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். அதுவும் உதவாவிட்டால் 50 ஹெர்ட்ஸில் 1/100 நொடிக்கு இறங்கி, ஆள் அசையாத நேரம் பார்த்து எடுக்க வேண்டியதுதான்.

இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறுவது பெரும்பாலும் அது பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு இல்லாததால்தான். வெறும் கன்னத்தின் மேல் புள்ளியை வைக்காமல் கண்ணின் ஓரம், மூக்குக் கண்ணாடியின் சட்டம், வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் கோடு ஆகியவற்றின் மேல் வையுங்கள். டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் நடுப் புள்ளிதான் வழக்கமாக மிக நம்பகமானது. மூன்று நான்கு படங்களைத் தொடர்ச்சியாக எடுத்தால் அவற்றில் ஒன்று நிச்சயம் மற்றவற்றைவிடத் தெளிவாக இருக்கும்.

அசையாத காட்சியில் எல்லாம் தலைகீழ்

கட்டடம், தெரு விளக்கு, அறைக்குள் இருக்கும் பொருள்கள் என்றால் நாய்ஸை ஏற்றுக்கொள்ளவே தேவையில்லை. டிரைபாட், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஷட்டர் எத்தனை நொடி கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். இரண்டு நொடி டைமர் வைத்தால் பொத்தானை அழுத்தும் அதிர்வு அடங்கிவிடும். லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையில், ஒரு விளக்கைப் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். பழைய லென்ஸ்களில் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள், இல்லாத ஆட்டத்தை அது தேடிப் போகும். எஃப் 16, 22 என்று மூடினால் ஒளி விளிம்பு வளைவால் படம் மறுபடியும் மிருதுவாகும். நட்சத்திரங்கள் மட்டும் விதிவிலக்கு. வானம் நகர்ந்துகொண்டே இருப்பதால், முழு அளவு சென்சாரில் 24 மி.மீ. லென்ஸுக்கு 20 நொடிக்கு மேல் போனால் புள்ளி கோடாகத் தொடங்கும். அங்கே திரும்பவும் எஃப் 2.8-உம் ஐ.எஸ்.ஓ. 3200-உம்தான்.

கைப்பேசியில் பெரும்பாலும் அபெர்ச்சரை மாற்ற முடியாது. நைட் மோட் பல படங்களை எடுத்து அடுக்கி நாய்ஸைக் குறைக்கிறது. அசையாத காட்சிக்கு அது அருமையான வசதி, கையில் பிடித்தே டிரைபாடுக்கு அருகில் வரும் படம் கிடைக்கிறது. ஆள் அசைந்தால் அந்த அடுக்குகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் முகம் கரையும், அப்போது நைட் மோடை அணைத்துவிடுங்கள். 2x, 3x ஜூமைத் தொடாமல் முதன்மை லென்ஸிலேயே இருங்கள். இருட்டில் பல கைப்பேசிகள் ஜூம் லென்ஸைப் பயன்படுத்தாமல் முதன்மை லென்ஸின் படத்தையே வெட்டிக் காட்டுகின்றன. புரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/100 நொடியில் நிறுத்தி ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விடுங்கள். எடுக்கும் முன் லென்ஸைத் துணியால் ஒருமுறை துடைத்துக்கொள்ளுங்கள். விரல் ரேகை பட்ட கண்ணாடியில் ஒவ்வொரு விளக்கும் பரவிப்போய் முகத்தையும் சேர்த்து மங்கலாக்கும், அதை எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது.